விலையும் மதிப்பும்: ஒரு ரியூட்டின் பின்பக்கம்

போன செமஸ்டர் பரீட்சைக்கு முதல் கிழமை, கான்ட் பற்றிய மெய்யியல் ரியூட் ஒன்றைத் தேடி அறையைத் தலைகீழாக்கிக்கொண்டிருந்தோம். போட்டோக்கொப்பிக் கடை பூட்டியாயிற்று. நாலு பேரில் யாரிடமாவது ஒரு பிரதி இருக்கத்தானே வேணும்? கடைசியில் கட்டிலுக்குக் கீழே, சூட்கேசுக்கு அடியில் கிடந்தது. முன்பக்கத்தில் விரிவுரைக் குறிப்பு: எந்த மனிதரையும் வெறும் சாதனமாக மட்டும் பயன்படுத்தக்கூடாது, ஒவ்வொருவரும் தன்னளவிலேயே ஒரு நோக்கம். பின்பக்கத்தில் எங்கட கையெழுத்தில் ஒரு பட்டியல். புதுசாக வந்த ஜூனியர் பெடியளுக்கு வைத்த பட்டப்பெயர்கள், மொத்தம் 23. பக்கத்தில் ஊர். சில பெயர்களுக்கு நேரே சின்னக் குறிப்புகளும் இருந்தன: "கறுவல்", "திக்குவாய்", "தோட்டம்".

கொஞ்ச நேரம் யாரும் கதைக்கவில்லை. பிறகு ஒருவன், "பேப்பர் மிச்சம் பிடிச்சிருக்கிறம்" என்றான். சிரித்தோம். சிரித்தது சரியில்லை என்று சிரிக்கும்போதே தெரிந்தது.

நாங்கள் கலைப்பீடத்தில் மூன்றாம் வருடம். மூன்று பேர் மெய்யியல், ஒருவர் அரசறிவியல். இரண்டு பேருக்கு யாழ்ப்பாணம், ஒருவருக்கு மட்டக்களப்பு, ஒருவருக்கு ஹற்றன் பக்கம். "தோட்டம்" என்று எழுதியது ஹற்றன்காரரின் கை. முதல் வருடத்தில் அவருக்குக் கிடைத்த பட்டமும் அதுதான். இதை எழுதலாம் என்று சொன்னவரும் அவர்தான். "எழுதிறதெண்டா அதையும் எழுதோணும். இல்லாட்டி என்னத்துக்கு?" என்றார். ஆகவே இது பகிடிவதைக்கு எதிராக மேடையில் நின்று பேசுகிற கட்டுரை இல்லை. பகிடிவதை வாங்கினோம், பார்த்துக்கொண்டு நின்றோம், செய்தோம். அதே காலத்தில் மனித மாண்பு பற்றி விடையும் எழுதி நல்ல புள்ளியும் எடுத்தோம். இரண்டும் ஒரே தாளில் எப்படி இருந்தன என்பதுதான் எங்கட கேள்வி.

முதலில் சொல். ஆங்கிலத்தில் 'டிக்னிட்டி' என்கிறார்களே, அதற்குத் தமிழில் என்ன? விரிவுரையில் 'கண்ணியம்' என்று வரும். மனித உரிமைச் செயலமர்வுகளுக்குப் போனால் 'மாண்பு'. ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்தின் தமிழ் வடிவத்தில், முதலாம் உறுப்புரையில், 'மதிப்பு'. வீட்டில் அம்மா சொல்வது 'மரியாதை' அல்லது 'மானம்'. கலியாணப் பேச்சு வந்தால் மாமா சொல்வது 'கௌரவம்'.

இந்தச் சொற்களைக் கொஞ்சம் தட்டிப் பாருங்கள். மானம் போகக்கூடியது. "மானம் போச்சு" என்று நாளுக்கு ஒருதரமாவது கேட்கிறோம். திருக்குறளில் 97ஆம் அதிகாரம் முழுக்க மானம்தான். அதை இழந்தபின் வாழ்வதைவிடச் சாவது மேல் என்ற அளவுக்கு அது போகிறது. கௌரவம் குடும்பத்துக்குச் சொந்தம், அதைக் காப்பாற்றப் பெரும்பாலும் ஒரு பெண்பிள்ளைதான் விலை கொடுக்கவேணும். மரியாதை கொடுத்து வாங்குவது. வயது, பதவி, சாதி பார்த்து அளந்து ஊற்றுவது. கண்ணியம் நடத்தையைப் பொறுத்தது, "கண்ணியமான மனுசன்" என்றால் ஒழுங்காக நடப்பவர். எல்லாமே சம்பாதிக்கிற, கூடிக் குறைகிற, தொலைந்துபோகிற விசயங்கள். பிறந்த ஒரே காரணத்தால் ஒருவருக்கு இருக்கிற, என்ன செய்தாலும் தொலையாத ஒன்றுக்கு எங்கட வீட்டுத் தமிழில் சொல் எது?

தமிழில் அந்த எண்ணமே இல்லை என்று சொல்லவில்லை. மானத்துக்கு அடுத்த அதிகாரமான பெருமையில், பிறப்பால் எல்லா உயிரும் ஒன்று என்று வள்ளுவர் சொல்லுகிறார். ஆனால் அதே குறளின் இரண்டாம் பாதி, செய்யும் தொழிலால் சிறப்பு வேறுபடும் என்கிறது. மேடைகளில் முதல் பாதியோடு கைதட்டு வாங்கி இறங்கிவிடுவார்கள். எங்களுக்கு அந்த இரண்டாம் பாதிதான் சுவாரசியம். பிறப்பால் சமம், சிறப்பால் வேறு. அப்படியென்றால் சிறப்பில்லாத ஒருவனிடம் என்ன மிஞ்சியிருக்கிறது?

மேற்கிலும் தொடக்கம் இப்படித்தான். ரோமில் 'டிக்னிட்டாஸ்' என்றால் பெரும்பாலும் பதவி, அந்தஸ்து. அடிமைக்கு அது இல்லை. அந்தச் சொல்லை எல்லாருக்கும் பொதுவாக்கப் பல நூற்றாண்டுகள் எடுத்தன.

1785 இல் கான்ட் ஒரு கோடு கீறினார். எல்லாவற்றுக்கும் ஒன்றில் விலை உண்டு, இல்லையென்றால் மாண்பு உண்டு. விலை உள்ளதற்குப் பதிலாகச் சமமான இன்னொன்றை வைக்கலாம். எந்த விலைக்கும் மேலே நிற்பது, மாற்றீடு இல்லாதது, அதுதான் மாண்பு. விலையையும் அவர் இரண்டாகப் பிரிக்கிறார். வேலைத்திறமைக்கும் ஊக்கத்துக்கும் சந்தை விலை. பகிடி, கற்பனை, கலகலப்பு இவற்றுக்கு விருப்ப விலை, அதாவது மனசுக்குப் பிடித்ததால் கொடுக்கிற விலை.

இதைப் பரீட்சைக்காகப் பாடமாக்கியபோது ஒன்றும் தோன்றவில்லை. பட்டியலோடு சேர்த்துப் படித்தபோதுதான் விளங்கிச்சு. எங்களை இந்தப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுவந்தது இசட் ஸ்கோர். நான்கு தசமதானம் வரைக்கும் கணக்கிட்ட சந்தை விலை. பொறியியலுக்கு ஒரு விலை, மருத்துவத்துக்கு ஒரு விலை. கலைப்பீடம் என்று சொன்னதும் பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவர் முகத்தில் வருகிற இரக்கம் இருக்கிறதே, "ஆர்ட்ஸா? படிச்சு என்ன செய்யப் போறீங்க தம்பி?" என்ற அந்தக் கேள்வி, அதுவும் விலை விசாரணைதான். கேட்கிறவரைக் குறை சொல்லவில்லை. எங்கட அப்பாமாரும் அதைத்தான் கேட்கிறார்கள், மனசுக்குள்ளே நாங்களும் கேட்கிறோம்.

விருப்ப விலையும் இங்கே உண்டு. ஜூனியர் ஒருவன் நன்றாகப் பாடுவான் என்றால் தப்பிவிடுவான். பகிடி விடத் தெரிந்தவன், நடிகர் மாதிரிக் கதைத்துக் காட்டுகிறவன், கிரிக்கெட் விளையாடுகிறவன், எல்லாரும் இரண்டு கிழமைக்குள் சீனியர்களின் செல்லப்பிள்ளை. பிடிபடுகிறவன் பாடத் தெரியாதவன். கூச்சக்காரன். வாய் திக்குகிறவன். சந்தை விலையும் இல்லாமல் விருப்ப விலையும் இல்லாமல் வருகிற அவனிடம்தான், கான்ட் சொன்ன மற்றது இருக்கிறதா இல்லையா என்ற கேள்வி உண்மையாகவே எழும்புகிறது. எங்கட பட்டியலில் குறிப்பு எழுதப்பட்ட பெயர்கள் எல்லாம் அப்படியானவர்களுடையவை. அது தற்செயல் இல்லை.

கான்டையும் தூக்கித் தலையில் வைக்கத் தேவையில்லை. 1797 இல் எழுதிய நூலில், தன்னைத் தானே புழுவாக்கிக்கொள்கிறவன் பிறகு மிதிபட்டால் முறைப்பாடு சொல்லக்கூடாது என்ற மாதிரி ஓர் இடம் வருகிறது. வாழ்நாள் முழுக்கத் தன் ஊர்ப்பக்கத்தை விட்டு வெளியே போகாத மனுசன் அவர். முதன்முதலாய் வீட்டைவிட்டு வந்த பத்தொன்பது வயதுப் பெடியனைச் சுற்றிப் பதினைந்து பேர் நின்றுகொண்டு "குனி" என்று சொல்லும்போது, அவன் தன்னைப் புழுவாக்கிக்கொண்டான் என்று யார் சொல்வது? நாங்கள் குனிந்திருக்கிறோம். அந்த நேரத்தில் தன்மதிப்பு பற்றி யோசனை வராது, எப்ப முடியும் என்ற யோசனைதான் வரும். இன்னொன்றையும் மறைக்கத் தேவையில்லை: மனிதர் எல்லாரும் தன்னளவில் நோக்கம் என்று எழுதிய அதே கை, மனித இனங்களைத் தரம் பிரித்தும் எழுதியது. முன்பக்கமும் பின்பக்கமும் அவருக்கும் இருந்திருக்கு.

சரி, மாண்பு எதன் மேல் நிற்கிறது? அன்றிரவு பாடத்தை விட்டுவிட்டு விடிய மூன்று மணி வரைக்கும் இதைத்தான் கதைத்தோம். கான்டைக் கேட்டால் பகுத்தறிவு: தனக்குத் தானே சட்டம் விதிக்கிற ஆற்றல் மனிதருக்கு இருக்கிறது, அதனால் மாண்பு. சமயங்களைக் கேட்டால் ஆன்மா, அல்லது கடவுளின் சாயல். எங்களில் ஒருவர் துன்பப்படக்கூடிய தன்மைதான் அடிப்படை என்றார். அப்போது மட்டக்களப்புக்காரர் தன் அக்காவைப் பற்றிச் சொன்னார். அக்காவுக்கு முப்பது வயது, பேச்சு வராது, எண்ணத் தெரியாது. பகுத்தறிவுதான் அளவுகோல் என்றால் அக்கா எங்கே நிற்கிறா? "எங்கட வீட்டில அவவைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவம். திரும்பிப் பார்ப்பா. அவ்வளவுதான். அதுக்கு மேல என்ன காரணம் வேணும்?"

அதற்கு எங்களிடம் உடனே பதில் இல்லை. பிறகு யோசிக்கும்போது ஒன்று பிடிபட்டது. பகுத்தறிவோ, திறமையோ, உணர்வோ, எந்த ஆற்றலை அடித்தளமாக வைத்தாலும் அது ஆளுக்கு ஆள் கூடிக் குறையும். கூடிக் குறைவதை அளக்கலாம். அளக்கக்கூடியதற்கு விலை போடலாம். மாண்பைக் காப்பாற்ற என்று வைத்த அத்திவாரமே திரும்பவும் இசட் ஸ்கோருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது.

1947, 48 இல் பிரகடனத்தைத் தயாரித்தவர்களுக்கும் இந்தச் சிக்கல் வந்தது. அந்தக் காலத்தில் யுனெஸ்கோ கூட்டிய மெய்யியல் விவாதங்களில் பங்கெடுத்த பிரெஞ்சு அறிஞர் ஜாக் மரித்தேன், உரிமைகளில் எல்லாரும் உடன்படுகிறோம், ஏன் என்று மட்டும் கேட்கக்கூடாது என்ற கருத்தைப் பதிவுசெய்திருக்கிறார். கடவுளையோ இயற்கையையோ காரணமாகப் போடாமல் விட்டார்கள். இந்தியாவின் ஹன்சா மேத்தா 'ஆண்கள்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை விட்டு 'மனிதப் பிறவிகள்' என்று பொருள்படும் சொல்லைப் போடவைத்தார். அந்த ஒரு மாற்றத்துக்காகவே அவருடைய பெயர் பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருக்கவேணும் என்பது எங்கட அபிப்பிராயம். காரணம் எழுதாமல் விட்டதைப் பலர் பலவீனம் என்கிறார்கள். எங்களுக்கு அப்படித் தெரியவில்லை. அக்காவைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வீடும் காரணம் எழுதிவைத்துவிட்டுக் கூப்பிடவில்லை.

ஆனால் இங்கே ஒரு ஆபத்து இருக்கிறது. யாரோ ஒருவர் மதித்தால்தான் மதிப்பு என்றால், மதிக்க ஆளில்லாதவருடைய கதி?

இந்த இடத்தில் அரசறிவியல்காரர், அதாவது ஹற்றன்காரர், இரண்டு திகதிகளைச் சொன்னார். 1948 டிசம்பர் 10 இல் பாரிஸில் பிரகடனம் நிறைவேறியது. அதற்குச் சரியாக 25 நாள் முதல், நவம்பர் 15 இல், இலங்கையின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பிறப்பால் எல்லா மனிதரும் சமம் என்று உலகம் எழுதிய அதே குளிர்காலத்தில், ஏறத்தாழ 7 இலட்சம் மலையகத் தமிழர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆனார்கள். 1964 இல் இரண்டு பிரதமர்கள் கைச்சாத்திட்டார்கள்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 150,000. அதைப் பிறகு பார்ப்போம் என்று விட்டார்கள். 1974 இல் பார்த்தார்கள், ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பிரித்தார்கள். அந்த ஒப்பந்தங்களில் எந்த இடத்திலும் அந்த மக்களிடம் கேட்டதாக இல்லை. நாடற்ற நிலைக்கு முடிவுகட்டும் சட்டம் வர 2003 வரை காத்திருக்கவேண்டியிருந்தது.

மாற்றீடு செய்யக்கூடியதற்கு விலை, மாற்றீடு இல்லாததற்கு மாண்பு என்று கான்ட் சொன்னாரே. 75,000 பேருக்கு 75,000 பேர் என்பது மாற்றீட்டின் கணக்கு. எங்கள் நண்பருடைய பாட்டி இந்தப் பக்கம், பாட்டியின் தங்கச்சி அந்தப் பக்கம். தலைமன்னாரில் கப்பல் ஏறினவா பிறகு வரவே இல்லை. பாட்டி தன் கடதாசிகளை எல்லாம் ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் போட்டு, சாகும்வரை தலைமாட்டிலேயே வைத்திருந்தாவாம்.

ஹன்னா அரென்ட் இதை 1951 இல் எழுதினார், வேறொரு கண்டத்து அகதிகளை நினைத்து. நாசி ஜேர்மனியிலிருந்து தப்பி ஓடி, பிரசாவுரிமை பறிக்கப்பட்டு, வருடக்கணக்காக நாடற்றவராக இருந்தவர் அவர். அமெரிக்கப் பிரசை ஆனதும் அதே 1951 இல்தான். வேறு எந்த அடையாளமும் இல்லாமல் வெறும் மனிதராக மட்டும் ஒருவர் வந்து நிற்கும்போது மனித உரிமை அவருக்கு உதவவேண்டும். ஆனால் அந்த நேரத்தில்தான் அது உதவாமல் போகிறது என்பது அவருடைய வாதம். மற்ற உரிமைகளுக்கெல்லாம் முதல், உரிமைகளைக் கொண்டிருக்கும் உரிமை வேணும். ஒரு சமூகத்துக்குள் ஓர் இடம் வேணும், சொல்வதைக் கேட்க ஆள் வேணும்.

இதனால்தான் 'மதிப்பு' என்ற சொல் எங்களுக்குப் பிடித்துப்போனது. விலை மதிப்பீட்டுத் திணைக்களம் காணிக்குப் போடுவதும் மதிப்புத்தான், அதில் விலைவாசம் அடிக்கிறது, உண்மை. ஆனால் 'மதி' என்பது வினை. யாரோ செய்யவேண்டிய வேலை. ஒருவருக்குள் மாண்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவதைவிட, அவர் முன்னால் நாங்கள் என்ன செய்கிறோம் என்று அந்தச் சொல் கேட்கிறது. பல்கலைக்கழகத்தின் முதல் மாதத்தில் ஜூனியருக்கு 'இடம்' கொடுக்கிறவர்கள் நாங்கள்தான். கன்ரீனில் எந்த மேசையில் இருக்கலாம், எந்தப் படியால் ஏறலாம், என்ன பெயரில் கூப்பிடப்படலாம். சின்ன அளவில் நாங்களும் ஒரு பிரசாவுரிமைச் சட்டம் வைத்திருந்தோம்.

இனி நியாயங்களுக்கு வருவோம். எங்களிடம் இரண்டு நியாயங்கள் இருந்தன, இரண்டும் மெய்யியல் மாதிரியே ஒலிக்கும்.

ஒன்று சமத்துவம். "கொழும்பு ஸ்கூல்ல படிச்சவனும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில படிச்சவனும் இங்க ஒண்டு. எல்லாரையும் ஒரு அச்சில வார்க்கிறது." இதைச் சும்மா தள்ளிவிட முடியாது. முதல் மாதம் எல்லாரும் ஒரே மாதிரி சேர்ட், ஒரே மாதிரி செருப்பு போடும்போது யார் பணக்காரன் என்று உண்மையிலேயே தெரியாது. வறிய வீட்டுப் பிள்ளைக்கு அது ஒரு நிம்மதி என்று எங்களில் ஒருவர் இன்றைக்கும் சொல்கிறார். ஆனால் சமமாக்க இரண்டு வழி இருக்கிறது. ஜெரமி வால்ட்ரன் என்ற சட்ட மெய்யியலாளர் 2009 இல் ஆற்றிய உரைகளில், நவீன மாண்பு என்பது பழைய பிரபுக்களின் அந்தஸ்தை எல்லா மனிதருக்கும் உயர்த்திக் கொடுத்தது என்று வாதிட்டார். கீழே இறக்கிச் சமமாக்குவதில்லை, மேலே ஏற்றிச் சமமாக்குவது.

வால்ட்ரன் வரைக்கும் போகவும் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு காலம், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளை வகுப்பில் நிலத்தில் இருத்தினார்கள், வாங்கில் இருக்க விடவில்லை. 1920களிலும் 30களிலும் சம ஆசனம், சம போசனம் கேட்டுப் போராட்டம் நடந்தது. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் அதை முன்னெடுத்தவற்றுள் ஒன்று. எதிர்ப்பு எவ்வளவு என்றால் சில பள்ளிக்கூடங்கள் எரிக்கப்பட்டன. யோசித்துப் பாருங்கள், எல்லாப் பிள்ளைகளையும் நிலத்தில் இருத்தியும் சமமாக்கியிருக்கலாம். வாங்குச் செலவும் மிச்சம். அப்படி யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் வாங்கு கேட்டார்கள். நாங்கள் நூறு வருசம் கழித்து வந்து, முற்போக்கு என்று பெயர் வைத்து, எல்லாரையும் நிலத்தில் இருத்துகிறோம். அதிலும் முழுச் சமம் இல்லை. "கறுவல்", "தோட்டம்" எல்லாம் வெளியிலிருந்து அப்படியே உள்ளே வந்து பட்டமாகிவிட்டன. அச்சு புதுசு, ஊற்றுவது பழைய உலோகம்.

இரண்டாவது நியாயம் இன்னும் ஆழமானது, அதனால் இன்னும் மோசமானது. கஷ்டப்பட்டால்தான் வாழ்க்கைக்கு அர்த்தம். "நாங்களும் பட்டம், இண்டைக்கு அந்த பட்ச்தான் எங்களுக்கு உயிர்." தன்முனைப்புப் பேச்சாளர்கள் வந்து விக்டர் பிராங்கலைச் சொல்லிவிட்டுப் போகும்போது இந்த நியாயத்துக்கு நாசி முகாமின் சாட்சியும் கிடைத்துவிடுகிறது.

பிராங்கல் வியன்னாவைச் சேர்ந்த யூத மனநல மருத்துவர். 1942 இல் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார், 1944 இல் அவுஷ்விட்ஸ், பிறகு டாக்கௌவின் துணை முகாம்கள். அப்பா, அம்மா, மனைவி மூன்று பேரும் முகாம்களில் செத்தார்கள். 1945 இல் விடுதலையானபின் ஒன்பது நாளில் சொல்லி எழுதுவித்த புத்தகம்தான் இன்றைக்கு உலகம் முழுக்க விற்கிறது. அவர் அர்த்தத்துக்கு மூன்று வழி சொல்கிறார்: ஒன்றைச் செய்வது அல்லது படைப்பது, ஒன்றை அனுபவிப்பது அல்லது ஒருவரை நேசிப்பது, தவிர்க்க முடியாத துன்பத்தை எப்படி எதிர்கொள்கிறோம் என்பது. மேடைப் பேச்சாளர்கள் முதல் இரண்டையும் தாண்டி மூன்றாவதில் வந்து நிற்பார்கள். அதிலும் 'தவிர்க்க முடியாத' என்ற சொல்லை விழுங்கிவிடுவார்கள். பிராங்கல் அதில் தெளிவாக இருக்கிறார்: துன்பம் தவிர்க்கக்கூடியது என்றால் அதன் காரணத்தை அகற்றுவதுதான் அர்த்தமுள்ள செயல், தேவையில்லாமல் துன்பப்படுவதில் வீரம் ஒன்றும் இல்லை. ஒரு கைதி முகாமுக்குள் அர்த்தம் கண்டுபிடித்தான் என்றால் அந்தப் பெருமை கைதிக்கு. காவலாளி அதில் பங்கு கேட்க முடியாது. நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பட்ச் நட்பு பொய் என்று சொல்லவரவில்லை. இந்த நாலு பேரும் சேர்ந்தது அந்த மாதத்தில்தான். ஆனால் எங்களைச் சேர்த்தது அடியா, அடி விழுந்த இரவில் ஒருவன் கொண்டுவந்து தந்த பிளேன்ரீயா? நேர்மையாக யோசித்தால் பிளேன்ரீதான். அதைக் கொடுக்க யாரையும் முழங்காலில் நிற்கவைக்கத் தேவையில்லை.

இந்த நாட்டில் பகிடிவதை என்னவெல்லாம் செய்திருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும், கெதியாகச் சொல்லிவிடுகிறோம். 1975 இல் பேராதனையில் விடுதி மாடியிலிருந்து குதித்துத் தப்பப் பார்த்த மாணவி ஒருவர் வாழ்நாள் முழுக்க எழும்ப முடியாமல் போனார். 1997 இல் அதே வளாகத்தில் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதைக்குப் பின் இறந்தார். 1998 இல் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பகிடிவதைக்கு இரண்டு வருடம் வரை, பாரதூரமான காயமோ பாலியல் துன்புறுத்தலோ என்றால் பத்து வருடம் வரை சிறை. அந்தச் சட்டம் எங்களில் பலர் பிறக்க முதலே வந்தது. வளாகச் சுவரில் அறிவித்தலும் ஒட்டியிருக்கிறது. அதற்குக் கீழே நின்றுதான் பெயர் கேட்டோம்.

பெயர். கடைசியாக இதைச் சொல்லவேணும்.

2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். வருடக்கணக்காக இருந்தார்கள். பிராங்கலைப் படித்துவிட்டு அந்த அம்மாமாரைப் பார்த்தால் பாடப்புத்தகம் தடுமாறுகிறது. அவர்கள் தங்கட துன்பத்தைத் தவிர்க்க முடியாதது என்று ஏற்றுக்கொள்ளவில்லை. யாரிடமோ பதில் இருக்கிறது, அவர் சொல்லவேணும் என்று கேட்கிறார்கள். "மறந்திட்டு மிச்ச வாழ்க்கையைப் பாருங்கோ" என்று சொல்கிறவர்கள் அர்த்தமுள்ள வாழ்க்கை வேறெங்கோ இருப்பதாக நினைக்கிறார்கள். அந்த அம்மாமாருக்கு அந்தக் கேள்விதான் வாழ்க்கையாகிப்போனது, அதை யாரும் அழகான விசயம் என்று சொல்லிவிடவும் கூடாது. அவர்கள் கையில் இருப்பது ஒரு படமும் அதற்குக் கீழே ஒரு முழுப்பெயரும். இத்தனை ஆயிரம் பேர் என்ற எண்ணிக்கைக்குள் தங்கட பிள்ளை கரைந்துபோகக்கூடாது என்பதற்காக அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார்கள். அந்த ஊர்களிலிருந்தும் எங்கட பட்ச்சுக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். வந்த முதல் நாள் நாங்கள் பறிக்கிறது பெயரை.

பரீட்சை முடிந்து, பட்டியலில் "திக்குவாய்" என்று எழுதியிருந்த தம்பியை நூலகத்துக்கு வெளியே கண்டோம். எழும்பி நின்றான். இரு என்றோம், இருக்கவில்லை. பேர் என்ன என்று கேட்டோம். பட்டத்தைச் சொன்னான், திக்காமல், ஒரே மூச்சில். அவ்வளவு தரம் சொல்லிப் பழகியிருக்கிறான். "அதில்லை தம்பி, உங்கட பேர்" என்றோம். முதலில் பின்னால் வேறு சீனியர் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தான். பிறகு சொன்னான். திக்கித் திக்கி, கொஞ்ச நேரம் எடுத்துச் சொன்னான். நாங்கள் காத்திருந்தோம்.

அடுத்த மாதம் புது பட்ச் வருகிறது. எங்கட பட்ச்சின் வாட்ஸ்அப் குழுவில் இந்த முறை பெயர் வைப்பதில்லை என்று எழுதிப் போட்டோம். ஒன்பது பேர் சரி என்றார்கள். ஆறு பேர் எங்களை 'அன்ரி' என்கிறார்கள். கன்ரீனில் எங்கட மேசைக்கு வருவதில்லை. மிச்சப் பேர் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் திரும்பவும் கூட்டம் வைத்திருக்கிறோம்.